மாமியார் மிதித்த பிரேக்

கதை எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் திடீரென்று முன்னால் வந்து நிற்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பதை உணர்ந்தே இதைத் தொடங்குகிறேன். தேர்ந்த கைகள் எழுதும் இடத்தில், ஒரு பழைய பிக்கப் வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரேனும் கேட்டால், தலைகுனிந்து நிற்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை. நடந்தவற்றை வரிசை மாறாமல் சொல்ல முயன்றிருக்கிறேன். நடையில் பிழை தென்பட்டால் வாசகர்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குடிதண்ணீர் கேன் விற்றுப் பிழைத்த அந்த வீட்டில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அதனால் வீடு அமைதியாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பேச்சுக்கு அங்கே ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. மாமியார் வாளியிடம் பேசுவார், மோட்டாரிடம் பேசுவார், கழுவி அடுக்கிய தண்ணீர் கேன்களிடம் பேசுவார். மருமகன் தன் பதிலைச் சுவருக்கோ டயருக்கோ சொல்வான். ஜாடைப் பேச்சில் இருவரும் கைதேர்ந்தவர்கள். ஆனால் ஒரு செய்தி உண்மையாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்ச் சேர வேண்டுமானால் நடுவில் மகள் வேண்டும். "உன் புருஷன்கிட்ட சொல்லு" என்று ஒரு பக்கம். "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று மறுபக்கம். மூவரும் ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் இதுதான் வழக்கம்.

பகை மூண்ட காரணம் சிறியது. மாமனார் காலமான புதிதில், கேன் எடுக்க வந்த ஒரு கடைக்காரர் முன்னால், தண்ணீரில் லேசாகத் துரு வாடை அடிக்கிறது, குழாயை மாற்ற வேண்டும் என்று மருமகன் சொல்லிவிட்டான். சொன்னது உண்மைதான், குழாயும் பிறகு மாற்றப்பட்டது. ஆனால் அந்தக் கடைக்காரர் மறுபடி வரவில்லை. அவர் வாயால் கேள்விப்பட்டு அவர் கடை இருந்த தெருவே வேறு இடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கிவிட்டது. என் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டீர்கள் என்று மாமியார் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவனிடம் அவர் நேரில் சொன்ன கடைசி வாக்கியம் அது.

தண்ணீர் நிலையம் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. தகரக் கூரை, உள்ளே எஃகுத் தொட்டி, வடிகட்டிகள், எந்நேரமும் ஈரம் காயாத சிமெண்ட் தரை. அதை ஒட்டி இரண்டு அறை வீடு. கேன்களை நிரப்புவதும் கல்லாவும் சாவிக்கொத்தும் மாமியாருடையவை. கேன்களைக் கொண்டுபோகும் பிக்கப் வண்டியை ஓட்டுபவள் மகள். தகப்பனிடம் கற்றவள், மேட்டுச் சாலையின் வளைவுகளில் கை நடுங்காதவள். மருமகன் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன். பட்டறை மூடப்பட்ட பிறகு கேன்களை ஏற்றி இறக்கும் வேலை அவனுடையதாயிற்று. வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லை மாமியார் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் சாப்பிட உட்காரும்போது தட்டை வைக்கிற சத்தத்திலேயே அதைச் சொல்லிவிடும் திறமை அவருக்கு இருந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மேட்டின் அடிவாரத்தில் உள்ள மருத்துவமனையிலிருந்து தண்ணீர் கேட்டு ஆள் வந்தது. அன்றாடம் வேண்டும், தவறாமல் வேண்டும், காலையில் ஒரே நடையாக வேண்டும். அதாவது, இதுவரை ஒரு அடுக்கு ஏற்றிய பிக்கப்பில் இனி இரண்டு அடுக்குக் கேன்கள்.

மருமகனுக்கு அந்தச் செய்தி வேறொரு கதவைத் திறந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடிப் பகுதி வாடகைக்கு இருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிக் கதவு. மனைவியும் அவனும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மருத்துவமனை வேலை கைக்கு வந்துவிட்டால் வாடகை கட்டிவிடலாம். வீட்டுக்காரர் சில வாரம் பொறுத்திருக்கச் சம்மதித்திருந்தார். தனிக்குடித்தனம் என்ற எண்ணம் வந்ததிலிருந்து மருமகன் தட்டுச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. விஷயம் மாமியாருக்கும் தெரியும். தெரியும் என்பதை அவர் கேன்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

ஆனால் வண்டி இரண்டு அடுக்கைத் தாங்கும் வண்டி அன்று. ஒரு அடுக்குக்கே, கடைசி வளைவுக்கு வரும்போது முன் சக்கரங்களிலிருந்து தீய்ந்த வாடை அடிக்கும். பெடல் காலுக்குக் கீழே தளரும். மனைவி கியரைக் குறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறக்குவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன், தன் காலடியில் இல்லாத பெடலைத் தானும் சேர்ந்து மிதிப்பான். முன் சக்கரங்களில் பிரேக் பிடிக்கும் வட்டத் தகடுகளான டிஸ்க்குகள் சிறியவை, சூடேறினால் பிடிக்காது. அதே கம்பெனியின் பெரிய வண்டியில் வருகிற அகலமான டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் இதில் பொருந்தும். பழைய இரும்புக் கடையில் தேடினால் குறைந்த விலைக்கே கிடைக்கும். இதை அவன் சுவருக்குச் சொல்லாமல், முறைப்படி மனைவி வழியாகவே சொல்லி அனுப்பினான்.

"பிரேக் பத்தலன்னா மெதுவா போகச் சொல்லு," என்றார் மாமியார், மகளைப் பார்த்து. "மெதுவா போறதுக்குக் காசு ஆகாது."

"மெதுவா போறதுக்கும் பிரேக்தான் வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

மகள் இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை. இருவருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது.

பிறகு மாமியார் மோட்டாரின் பக்கம் திரும்பி, இதே பிரேக்கில் ஒரு மனுஷர் காலமெல்லாம் ஓட்டி ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தினார், அப்போதெல்லாம் யாருக்கும் வாடை அடிக்கவில்லை, சிலருடைய மூக்கு மட்டும் எங்கே போனாலும் எதையாவது மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்றார். மருமகனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடைசியில் மகள்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாள். பிரேக் மாற்றாமல் இரண்டு அடுக்கை ஏற்றிக்கொண்டு தான் இறங்கப்போவதில்லை. வேண்டுமானால் அம்மாவே ஓட்டிக்கொள்ளட்டும். அப்படியே இந்த ஒரு வேலையையாவது இருவரும் அடித்துக்கொள்ளாமல் முடித்துக் காட்டட்டும். மாமியார் கல்லாவைத் திறந்து ஒரு தொகையை எடுத்து மகளின் கையில் வைத்தார். இதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாதென்று சொல் என்றார். மகள் அதை ஒரு அடி தள்ளி நின்ற கணவனின் கையில் வைத்தாள். "கேட்டுச்சுல்ல?" என்றாள் இரண்டு பேருக்கும் பொதுவாக.

பழைய இரும்புக் கடைக்காரரை ஊரில் எல்லோரும் தராசு என்றே அழைப்பார்கள். எந்தச் சாமானையும் கையில் வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறவர். சொன்ன விலையிலிருந்து இறங்காதவர். குவியல்களுக்கு நடுவே, பின்பக்கம் நசுங்கிய ஒரு பெரிய வண்டியின் முன் அச்சில் மருமகன் தேடியது அப்படியே இருந்தது. டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு மட்டும். நகத்தால் வருடினால் பள்ளம் இல்லை. காலிப்பரின் ரப்பர் ஒன்று கிழிந்திருந்தது, மாற்றிக்கொள்ளலாம். பேரம் பேசிப் பேசி நாக்கு வறண்ட பிறகு, தராசு ஒரே ஒரு சலுகை செய்தார்: கழற்றுகிற கூலியை வாங்கவில்லை. நீயே கழற்றிக்கொள் என்றுவிட்டார். டிஸ்க்கில் உரசும் பேட்களைப் பழையதாக வாங்க அவன் ஒப்பவில்லை. புதிதாகவே வாங்கினான். பின்சக்கர டிரம் பிரேக்குக்கும், உள்ளே உரசிப் பிடிக்கும் புதிய ஷூ வாங்கினான். கையிலிருந்த தொகை அங்கேயே கரைந்துவிட்டது.

வேலையைத் தண்ணீர் நிலையத்தின் முற்றத்திலேயே தொடங்கினான். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது அவனுக்குச் சிரமமாக இல்லை. நெடுநாளைக்குப் பிறகு கைகள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. சக்கரம் அரைச் சுற்று சுற்றி, கிரீச்சென்று நின்றது. பெரிய காலிப்பர் பழைய சக்கரத்தின் இரும்பு வளையமான ரிம்மின் உட்புறத்தில் இடித்தது. பெரிய பிரேக்குக்குப் பெரிய ரிம் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததன்று. டிஸ்க்கைக் கண்ட மகிழ்ச்சியில் அளந்து பார்க்க மறந்திருந்தான்.

மாமியார் கேன் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கிரீச் சத்தம் அவருக்கு இசையாகக் கேட்டிருக்க வேண்டும். கையிலிருந்த கேனை ஏந்தி, அதன் வாயைப் பார்த்துக்கொண்டு, "பாத்தியா," என்றார். "மாப்பிள்ளை கட்டின வண்டி. நிக்கிறதுக்கு அருமையா இருக்கு. ஓடத்தான் மாட்டேங்குது."

அவன் சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். மறுநாள் காலை, பட்டறைக் காலத்திலிருந்து வைத்திருந்த துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு போனான். அதைக் கொடுத்துவிட்டு, தராசிடமிருந்து டயரோடு பெரிய ரிம்களை உருட்டிக்கொண்டு வந்தான். மனைவி அதைத் தள்ளி நின்று பார்த்தாள். இரவல் வாங்கிய பம்ப்பால் டயருக்குக் காற்றடிக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்று, குனிந்திருந்த அவன் முதுகில் கையை வைத்துவிட்டுப் போனாள்.

இனி மிஞ்சியது ஏர் எடுப்பது, அதாவது பிரேக்கில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. வாசகர்களில் இதை அறியாதவர்கள் இருக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிரேக் குழாய்க்குள் எண்ணெய் மட்டுமே இருக்க வேண்டும். காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், மிதிக்கிற பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்கு எட்டாது. அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே படுத்து, அங்குள்ள சிறு திருகான நிப்பிளைத் திறக்க, காற்றும் எண்ணெயும் வெளியே சீறும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன் எடுத்துவிட்டால், வெளியேறியதைவிட அதிகக் காற்றை வண்டி உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இது இரண்டு பேர் வேலை. இருவரும் வாய் ஓயாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டிய வேலை.

பிரேக் எண்ணெய் இரண்டு டின் வேண்டும் என்று மருமகன் சொல்லி அனுப்பியிருந்தான். ஒரு டின் வந்தது. ஒன்றே போதும், குடிக்கவா போகிறார்கள் என்று அதனுடன் ஒரு செய்தியும் வந்தது.

பெடலில் மனைவி உட்காருவதாகத்தான் முதலில் ஏற்பாடு. ஆனால் அவள் அன்று காலை கேன் தூக்கும்போது பாதத்தில் சுளுக்கிக்கொண்டிருந்தாள்; அழுத்தினால் வலித்தது. ஆகவே மாமியார் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி வாசற்படியில் வைத்துவிட்டு, சீட்டை முன்னால் இழுத்து, ஏதோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஏறியவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி நொண்டியபடி வண்டியின் நடுப்பக்கத்தில் நின்றுகொண்டாள். மருமகன் பின்சக்கரத்தின் கீழ் படுத்தான்.

"அழுத்தச் சொல்லு."

"அம்மா, அழுத்து."

"அழுத்தியாச்சுன்னு சொல்லு."

"அழுத்தியாச்சாமுங்க."

"பிடிச்சிருக்கச் சொல்லு."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், கால் என்ன மரமான்னு கேளு."

பின் சக்கரங்கள் இரண்டும் இப்படியே முடிந்தன. ஒவ்வொரு சொல்லும் சுற்றிக்கொண்டு போனாலும், போய்ச் சேர்ந்தது. முன்பக்கம் வந்தபோது இருவருக்கும் சூடு ஏறிவிட்டது. எண்ணெய் வீணாகிறதே என்று மாமியார் ஸ்டீயரிங்கிடம் வருத்தப்பட்டார். இரண்டு டின் கேட்டவனுக்குத் தெரியாதா என்று மருமகன் டயரைக் கேட்டான். டயருக்கு வாய் நீளம் என்று ஸ்டீயரிங்கிடமிருந்து பதில் வந்தது. நடுவில் நின்றவள் சிறிது நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, நான் என்ன உங்கள் வீட்டுத் தபால்காரியா என்று கேட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

படுத்திருந்த மருமகன் யோசித்தான். ஒரே ஒரு வார்த்தை, "அழுத்துங்க அத்தை" என்று சொன்னால் போதும், வேலை முடிந்துவிடும். வாய் வரவில்லை. ஸ்பேனரால் இரும்பின்மேல் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே பெடல் இறங்கியது. நிப்பிளைத் திறந்தான், மூடினான். இரண்டு தட்டுத் தட்டினான். பெடல் எழும்பியது. மாமியார் கூர்மையானவர். ஒன்று என்றால் அழுத்து, இரண்டு என்றால் விடு. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே அந்த ஒப்பந்தம் ஏற்பட்டது. பல ஆண்டுகளில் அவ்விருவரும் எதையேனும் உடன்பட்டுச் செய்தது அந்தச் சில நிமிடங்களில்தான்.

இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் ஏறக்குறைய எல்லாக் காற்றும் வந்துவிட்டது. டின்னில் ஒரு மடக்கு எண்ணெய்தான் மிச்சம். ஒரு தட்டு, பெடல் இறங்கியது. அவன் நிப்பிளைத் திறந்தான். எண்ணெய்ப் பிசுக்கில் ஸ்பேனர் விரல்களிலிருந்து நழுவி, டிஸ்க்கின்மேல் ஒருமுறையும் சிமெண்ட் தரையில் ஒருமுறையும் விழுந்து ஒலித்தது. நிப்பிளில் செருகியிருந்த ரப்பர் குழாயும் அந்த அடியில் கழன்று தொங்கியது.

மாமியார் இரண்டு தட்டைக் கேட்டார். காலை எடுத்தார்.

திறந்திருந்த நிப்பிள் சர்ரென்று காற்றை உறிஞ்சும் ஓசை மருமகனுக்குத் தெளிவாகக் கேட்டது. தடவித் தேடி ஸ்பேனரை எடுத்து மூடுவதற்குள் அந்த ஓசை அடங்கிவிட்டது. எழுந்து, மிச்சமிருந்த எண்ணெயை வண்டியின் பிரேக் எண்ணெய்த் தொட்டியில் ஊற்றினான். டின் காலியாயிற்று. எண்ணெய் குறைந்தபட்ச அளவைக் காட்டும் அடிக்கோட்டைத்தான் தொட்டது.

உள்ளே மாமியார் பெடலை மறுபடி மிதித்துப் பார்த்தார். முகம் சுருங்கிற்று. மெதுவாக இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியருகே கவிழ்ந்து கிடந்த வாளியிடம் போய் நின்றார்.

"கால் உள்ள போகுது," என்றார் வாளியிடம். "பஞ்சு மெத்தைய மிதிக்கிற மாதிரி இருக்கு. செஞ்ச வேலை அப்படி."

முதல் இரண்டு வாக்கியங்களும் எச்சரிக்கை. மூன்றாவது வசை. மருமகனின் காதில் மூன்றும் விழுந்தன. ஆனால் நெஞ்சில் தைத்தது மூன்றாவதுதான். மறுபடி ஏர் எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு உள்ளங்கை நெல்லிக்கனிபோலத் தெரிந்தது. அதற்கு இன்னொரு டின் வேண்டும். கல்லாவின் சாவி அவரிடம். பெடலில் அவரே மறுபடி உட்கார வேண்டும். இதற்கெல்லாம் அவன் வாயைத் திறந்து, ஸ்பேனர் என் கையிலிருந்துதான் விழுந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வாக்கியம் சாகும்வரை அந்த வீட்டுத் தட்டுகளில் ஒலிக்கும்.

அவன் ஏறி உட்கார்ந்து தானே மிதித்துப் பார்த்தான். முதல் மிதியில் பெடல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. விட்டு விட்டுப் படபடவென்று மிதித்தபோது இறுகியது. வெறும் வண்டியை முற்றத்தில் ஓட்டிப் பார்த்தான். மிதித்த இடத்தில் நின்றது. பெரிய காலிப்பர், எண்ணெயைத் தள்ளுவதோ பழைய சிறிய மாஸ்டர் சிலிண்டர்; பெடல் கொஞ்சம் கீழே போகத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அதுவும் பொய்யன்று. முழு உண்மைக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்திருந்த அரை உண்மை.

மாலையில் கால் வலி குறைந்து மனைவி வந்து வண்டியில் உட்கார்ந்தாள். மிதித்தாள். புருவம் உயர்ந்தது.

"கொஞ்சம் தொளதொளன்னு இருக்கே?"

"புது பேடு. பெரிய காலிப்பர் வேற. ஓட ஓட செட் ஆயிடும்."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, நீதானே மிதிச்சே? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

மாமியார் கேன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தட்டினப்ப மிதிச்சேன், தட்டினப்ப விட்டேன். மெக்கானிக் வேலை எனக்கென்ன தெரியும்?"

அந்த நொடியில் மருமகன் மாமியாரைப் பார்த்தான். மாமியாரும் அவனைப் பார்த்தார். கண்கள் நேருக்கு நேர் சந்தித்தன. நீ சொல் என்று ஒன்று சொல்லிற்று. நீ சொன்னால்தான் என்ன என்று மற்றது கேட்டது. முதலில் பார்வையை விலக்கியது யார் என்று சொல்ல இயலாது. மகள், இரண்டு பேர் ஒரே விஷயத்தில் மறுக்காமல் இருப்பதே பெரிய பாக்கியம் என்று நினைத்தாளோ என்னவோ, சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

மறுநாள் காலை மருத்துவமனைக்கு முதல் நடை. இரண்டு அடுக்குக் கேன்களை மருமகன் ஏற்றிக் கயிறு கட்டினான். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. மாமியார் வாசலில் நின்றார். வழக்கத்துக்கு மாறாக எதனிடமும் பேசவில்லை. மனைவி கிளப்பினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

முதல் வளைவில் பெடல் கீழே போயிற்று. அவள் இரண்டுமுறை மிதித்ததும் பிடித்தது. இரண்டாவது வளைவில் மூன்று நான்கு முறை மிதிக்க வேண்டியிருந்தது. வண்டியை ஓரம் கட்டலாமா என்று அவன் கேட்டான். இந்தச் சரிவில் எங்கே கட்டுவது என்று அவள் சாலையை விட்டுக் கண் எடுக்காமல் கேட்டாள். கியரைக் குறைத்தாள், எஞ்சின் அலறியது. மீண்டும் மீண்டும் மிதித்ததில், அடிக்கோட்டில் நின்ற எண்ணெய் தொட்டியில் இறங்கிக்கொண்டே வந்திருக்க வேண்டும். கடைசி வளைவைத் தாண்டியதும் கீழே மருத்துவமனையின் வாயில் தெரிந்தது. காலை நேரம், சீட்டு வாங்குவதற்காக ஜனங்கள் வாயிலை ஒட்டி வரிசையில் நின்றிருந்தார்கள்.

"இல்லங்க," என்றாள் அவள், மிகவும் மெதுவான குரலில். "ஒண்ணுமே இல்ல."

அவள் கால் தரைவரை போயிருப்பதை அவன் பார்த்தான். ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மேலடுக்குக் கேன்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு கேபின்மேல் மோதின. வாயிலில் நின்றவர்களுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே அவளுக்கு வேறு இடம் இல்லை. ஸ்டீயரிங்கைச் சுவர்ப்பக்கம் முழுவதுமாக ஒடித்தாள்; தன் பக்கம் இடிக்கும்படி.

வரிசையில் நின்ற ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. அவனுக்கு நெற்றியில் கண்ணாடி கிழித்த காயம். அவளுடைய கால் பெடலுக்கும் நசுங்கிய தகரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. கேன்களிலிருந்து கொட்டிய தண்ணீர் வாயில் வரையில் ஓடி, நின்றிருந்தவர்களின் செருப்புகளை நனைத்தது.

மருத்துவமனையின் வாயிலிலேயே விபத்து என்பதால் சிகிச்சைக்குத் தாமதம் ஆகவில்லை. மாமியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மகளின் காலுக்குக் கட்டுப்போட்டு வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. கட்டிலின் இந்தப் பக்கம் மருமகன். அந்தப் பக்கம் மாமியார். நடுவில் சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மறுபடி உக்காந்திருப்பேன்," என்றார் மாமியார். இத்தனை காலம் நேரில் பேசாதவர். பேசியபோது மரியாதையையும் விட்டுவிட்டார்.

"பஞ்சு மாதிரி இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வண்டிய இறக்க விட்டிருக்கமாட்டேன்."

"சொன்னேன்."

"வாளிகிட்ட சொன்னீங்க."

"உன் காதுல விழுந்துச்சா இல்லையா?"

அவன் நெற்றிக் காயத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "விழுந்துச்சு," என்றான். "நீங்க கால எடுத்தது எனக்கும் கேட்டுச்சு. காத்து உள்ள போற சத்தம் கேட்டுச்சு."

"அப்ப உனக்குத் தெரியும்."

"உங்களுக்கும்தானே தெரியும்."

இதைச் சொல்லி முடித்த பிறகுதான் இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். அவள் கண்களைத் திறந்திருந்தாள். எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தன என்று தெரியவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸைப் பார்த்தாள்.

"சிஸ்டர்," என்றாள். "இவங்க ரெண்டு பேரையும் வெளிய போகச் சொல்லுங்க."

நர்ஸ் தயங்கினார். இருவரும் சொந்தக்காரர்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள் அவள். அதனால்தான் சொல்கிறேன் என்றாள். மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் அவர்களை வராந்தாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. இருவருமே அதில் உட்காரவில்லை.

இந்த வேலையில் இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். வண்டியைப் பழுது பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது எடைக்குப் போயிற்று. கேன்களில் பெரும்பாலானவை உடைந்தன. இடித்த சுற்றுச்சுவரைக் கட்டித் தர வேண்டியிருந்ததால் எஃகுத் தொட்டி விற்கப்பட்டது, நிலையம் மூடப்பட்டது. மருத்துவமனைக்கு வேறொருவர் தண்ணீர் கொடுக்கிறார். மாடிப் பகுதிக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது. மருமகன் ஒரு பட்டறையின் பின்னறையில் தங்கி வேலை செய்கிறான். மாமியார் அந்த இரண்டு அறை வீட்டில் தனியே இருக்கிறார். மகளின் வலது முழங்கால் முழுவதும் மடங்குவதில்லை. அவள் இனி வண்டி ஓட்ட முடியாது. வேறு ஊரில் ஒரு தோழியுடன் தங்கி, ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறாள். இருவருடைய அழைப்பையும் எடுப்பதில்லை.